ஷாங்-சி: தந்தையின் பெயரில் பூட்டிக் கிடந்த ஒரு காமிக்ஸ்

ஷாங்-சி என்ற சீனக் குங்ஃபூ வீரனை நாயகனாக வைத்து, மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தில் 1973 கடைசியில் தொடங்கி 1983 நடுவில் முடிந்த 'மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ' தொடரை, எழுபதுகளின் அமெரிக்க காமிக்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவ்வளவு எளிதில் தாண்டிப் போக மாட்டார்கள். ஆனால் அதைப் படிக்க வேண்டுமென்றால் 2016 வரை ஒரே வழிதான் இருந்தது: பழைய இதழ்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து வாங்க வேண்டும். தொடர் நின்ற பிறகு 33 ஆண்டுகள் அதற்கு ஒரு முறையான தொகுப்பு வரவில்லை. அதே காலத்தில் மார்வெல் தன் பழைய சரக்கையெல்லாம், பலருக்கு நினைவில்கூட இல்லாத தொடர்களை உட்பட, தடித்தடியான கறுப்பு வெள்ளைத் தொகுப்புகளாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஷாங்-சிக்குப் பிறகு வந்த இன்னொரு குங்ஃபூ நாயகனான அயர்ன் ஃபிஸ்ட்டுக்கே 2004-ல் அப்படி ஒன்று வந்துவிட்டது.

ஷாங்-சிக்கு வராததற்குக் காரணம் அவனுடைய அப்பா. கதைக்குள் இருக்கும் அப்பாவைத்தான் சொல்கிறேன். அந்தப் பாத்திரம் மார்வெலுக்குச் சொந்தமில்லை, வெளியிலிருந்து உரிமம் வாங்கிப் பயன்படுத்தியது. அந்த ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது, தொடருக்கு அது எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது, ஐம்பது வருடம் கழித்து அதிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள் என்று முழுசாகப் பார்ப்பதற்காக இதை எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அலுவலகத்தில் போட்ட ஒப்பந்தங்களிலிருந்து வந்தவை, அந்த ஒப்பந்தங்களுக்குள் மாட்டிக்கொண்டும் சில எழுத்தாளர்களும் ஓவியர்களும் அசலான வேலை செய்தார்கள், அவர்களுடைய வேலைதான் இத்தனை வருடம் கண்ணில் படாமல் கிடந்தது.

கிடைக்காத உரிமமும் கிடைத்த உரிமமும்

1972-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'குங்ஃபூ' என்று ஒரு தொடர் வந்தது. ஷாவோலின் மடத்தில் வளர்ந்த, பாதி சீன ரத்தம் கொண்ட துறவி ஒருவன் அமெரிக்க மேற்குப் பகுதியில் அலைகிற கதை. நடித்தவர் டேவிட் கேரடைன், வெள்ளைக்காரர். அந்தத் தொடரில் மனதைப் பறிகொடுத்தவர்களில் மார்வெலின் இரண்டு இளைஞர்கள் உண்டு: எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட், ஓவியர் ஜிம் ஸ்டார்லின். இருவருக்கும் அப்போது இருபது சொச்ச வயது. ஸ்டார்லின் அந்த 1973 ஆரம்பத்தில்தான் அயர்ன் மேன் 55-ஆம் இதழில் தானோஸ் என்ற வில்லனை அறிமுகப்படுத்தி முடித்திருந்தார்.

வெளியே நிலவரம் வேறு சூடாக இருந்தது. 1973 மே மாதத்தில் ஒரு கட்டத்தில் அமெரிக்கத் திரையரங்க வசூல் பட்டியலின் முதல் மூன்று இடங்களும் ஹாங்காங் சண்டைப் படங்களுக்கு. ஜூலை 20-ல் புரூஸ் லீ இறந்தார், ஆகஸ்டில் 'என்டர் த டிராகன்' அமெரிக்காவில் வெளியானது. எந்த அலை அடித்தாலும் அதை உடனே பிடிக்கிற பழக்கம் மார்வெலுக்கு ஏற்கெனவே உண்டு. கறுப்பின நாயகர்களின் அதிரடிப் படங்கள் ஓடியபோது 1972-ல் லூக் கேஜ் வந்தான். குங்ஃபூவுக்கும் ஒருவன் வேண்டும்.

முதல் யோசனை அந்தத் தொலைக்காட்சித் தொடரையே காமிக்ஸாகப் போடுவது. ஆனால் அதைத் தயாரித்தது வார்னர். டிசி காமிக்ஸும் அதே வார்னர் நிறுவனத்தின் கையில். போட்டிக் கடைக்கு அந்த உரிமம் போகுமா, போகவில்லை. சரி, சொந்தமாக ஒரு ஆளை உருவாக்கிக்கொள்ளலாம் என்று எங்கிள்ஹார்ட்டும் ஸ்டார்லினும் ஷாங்-சியை உருவாக்கினார்கள். இந்த இடத்தோடு விட்டிருந்தால் நான் எழுத இவ்வளவு இருந்திருக்காது.

அப்போது தலைமை ஆசிரியர் ராய் தாமஸ். 1970-ல் கோனனை உரிமம் வாங்கிக் கொண்டுவந்து வெற்றி கண்டவர் அவர், அதனால் பழைய ஜனரஞ்சக நாவல் பாத்திரங்களை வாங்கிப் போடுவதில் அவருக்கு நம்பிக்கை அதிகம். சாக்ஸ் ரோமர் எழுதிய ஃபூ மாஞ்சுவின் காமிக்ஸ் உரிமம் மார்வெலிடம் வந்திருந்தது. புது நாயகனை அந்த ஃபூ மாஞ்சுவின் மகனாக்கலாம் என்பது தாமஸின் யோசனை. வியாபாரக் கணக்கில் பார்த்தால் புத்திசாலித்தனமான யோசனைதான். பெயர் தெரியாத புது ஆளுக்கு, எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு வில்லன் அப்பாவாகக் கிடைக்கிறான், கூடவே நாவல்களிலிருந்து ஃபூ மாஞ்சுவைத் துரத்தும் நேலண்ட் ஸ்மித், அவருடைய நண்பர் டாக்டர் பெட்ரி, ஃபூ மாஞ்சுவின் மகள் ஃபா லோ சூயி என்று ஒரு குடும்பமே தயாராக வருகிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கக் காரணம் இல்லை. காமிக்ஸ் அன்றைக்கு 20 சென்ட் பொருள், அடுத்த இதழ் வந்ததும் பழையது கடையிலிருந்து போய்விடும். நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துத் தடித்த தொகுப்பாக விற்கிற சந்தை வரும் என்று 1973-ல் யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

யார் இந்த ஃபூ மாஞ்சு

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிற சிக்கல் வெறும் பதிப்புரிமைத் தகராறாகத் தெரியும்.

சாக்ஸ் ரோமர் என்பது புனைபெயர், ஆசாமியின் பெயர் ஆர்தர் ஹென்றி வார்டு, ஆங்கிலேயர். 1912-ல் பத்திரிகைக் கதைகளாகத் தொடங்கி 1913-ல் முதல் நாவல் வந்தது. லண்டனின் இருட்டு மூலைகளில் ஒளிந்துகொண்டு, விஷமும் தேளும் கொலைகாரர்களும் வைத்துக்கொண்டு, மேற்கத்திய உலகத்தையே கைப்பற்றத் திட்டம் போடும் சீன மேதை. கிழக்கிலிருந்து வருகிற மஞ்சள் நிறக் கூட்டம் வெள்ளைக்கார நாகரிகத்தை விழுங்கிவிடும் என்ற அந்தக் காலத்துப் பயத்துக்கு முகம், நகம் எல்லாம் வைத்து உட்காரவைத்த பாத்திரம் அது. அமெரிக்காவில் 1882 முதலே சீனத் தொழிலாளர்கள் வந்து குடியேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள், 1943-ல்தான் அந்தச் சட்டம் போனது. அந்தச் சூழ்நிலையில் வாசிக்கப்பட்ட கதைகள் இவை. திரையில் வார்னர் ஓலண்ட், போரிஸ் கார்லோஃப், கிறிஸ்டோபர் லீ என்று வரிசையாக வெள்ளைக்கார நடிகர்கள் ஒப்பனை போட்டுக்கொண்டு அவனாக நடித்தார்கள். காமிக்ஸிலும் அவன் சாயலில் ஏகப்பட்ட பேர். 1937-ல் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையிலேயே அப்படி ஒரு முகம். மார்வெலின் முன்னோடி நிறுவனமான அட்லஸ் 1956-ல் போட்ட 'யெல்லோ கிளா', அப்புறம் 1964-ல் அயர்ன் மேனுக்கு எதிரியாக வந்த மாண்டரின், எல்லாம் அதே அச்சு.

ஆக 1973-ல் மார்வெல் தன் முதல் பெரிய சீன நாயகனுக்குக் கொடுத்த பிறப்புச் சான்றிதழில் அப்பா இடத்தில் எழுதியிருந்த பெயர், சீனர்களைப் பற்றி ஆங்கிலத்தில் உருவாக்கப்பட்ட மிக மோசமான வார்ப்பின் பெயர்.

முதல் இதழ்

'ஸ்பெஷல் மார்வெல் எடிஷன்' என்ற பத்திரிகை அதுவரை பழைய கதைகளை மறுபதிப்பு செய்துகொண்டிருந்தது. அதன் 15-ஆம் இதழில், அட்டையில் 1973 டிசம்பர் என்று போட்டு, ஷாங்-சி வந்தான். சீனாவில் ஹோனான் மாகாணத்தில் அப்பாவின் கோட்டை மாதிரியான இடத்தில், வெளி உலகமே தெரியாமல், அப்பா ஒரு மகான் என்று நம்பி வளர்ந்தவன். டாக்டர் பெட்ரி என்ற கெட்டவரைக் கொன்றுவிட்டு வா என்று லண்டனுக்கு அனுப்புகிறார் அப்பா. போய்க் கொன்றுவிடுகிறான். அதன் பிறகுதான் நேலண்ட் ஸ்மித்தைச் சந்திக்கிறான், அப்பா உண்மையில் யார் என்று அவர் சொல்கிறார். நம்பாமல் நியூயார்க்கில் இருக்கும் தன் அம்மாவிடம் போய்க் கேட்கிறான். அவள் வெள்ளை அமெரிக்கப் பெண், நல்ல வாரிசு வேண்டும் என்பதற்காக அப்பா தேர்ந்தெடுத்தவள். அவளும் ஆமாம் என்கிறாள். மகன் அப்பாவுக்கு எதிரியாகிறான்.

முதல் கதையிலேயே நாயகன் ஒரு முதியவரைக் கொன்றுவிட்டு, கொன்றது தவறு என்று பிறகு தெரிந்துகொள்கிறான். பெட்ரி உண்மையில் சாகவில்லை, அது ஒரு போலி உருவம் என்று பின்னால் மாற்றினார்கள். ஆனால் படிக்கும்போது வாசகனுக்கு அது தெரியாது. சூப்பர்ஹீரோ கதைகளில் குற்ற உணர்ச்சி புதிதல்ல, ஸ்பைடர்-மேன் முழுக்க அதில்தான் ஓடுகிறது. ஆனால் தன் கையாலேயே, நல்லது என்று நம்பி, ஒரு கொலை செய்துவிட்டுத் தொடங்குகிற நாயகன் அன்றைக்கு அபூர்வம். கதை முழுக்க அவனே சொல்வது போல் எழுதப்பட்டிருந்ததால் அந்தக் கனம் இன்னும் நன்றாக இறங்கியது.

17-ஆம் இதழிலிருந்து, 1974 ஏப்ரலில், பத்திரிகையின் பெயரே 'த ஹேண்ட்ஸ் ஆஃப் ஷாங்-சி, மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ' ஆனது. அதே மாதத் தேதியில் 'டெட்லி ஹேண்ட்ஸ் ஆஃப் குங்ஃபூ' என்ற பெரிய அளவு கறுப்பு வெள்ளை இதழும் தொடங்கியது, 1977 வரை 33 இதழ்கள். அதில்தான் 1975-ல் ஹெக்டர் அயாலா என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞன் ஒயிட் டைகராக வந்தான், பில் மான்ட்லோவும் ஜார்ஜ் பெரெஸும் உருவாக்கியது. அயர்ன் ஃபிஸ்ட் 1974 மே மாதத்தில் 'மார்வெல் பிரீமியர்' 15-ல். டிசியும் சும்மா இருக்கவில்லை, 1975-ல் ரிச்சர்ட் டிராகனைக் கொண்டுவந்தது, 18 இதழில் முடிந்தது.

இதற்குள் ஸ்டார்லின் 17-ஓடும் எங்கிள்ஹார்ட் 19-ஓடும் விலகிவிட்டார்கள். உருவாக்கியவர்கள் இருவரும் மொத்தமாக ஐந்து இதழ்தான்.

மன்ச்சும் குலேசியும்

தொடர் நிஜமாகத் தலைநிமிர்ந்தது இதற்குப் பிறகுதான். 18-ஆம் இதழில் பால் குலேசி வரையத் தொடங்கினார், ஒஹையோ மாநிலத்து இளைஞர், மார்வெலில் அவருக்கு முன் வரைந்த ஜிம் ஸ்டெரான்கோவின் பாணியில் ஊறியவர். 20-ஆம் இதழிலிருந்து டக் மன்ச் எழுத்துக்கு வந்து, 1983 தொடக்கத்தில் 122-ஆம் இதழ் வரை நகரவில்லை. ஒரே எழுத்தாளர் கிட்டத்தட்ட நூறு இதழ் எழுதுவது அன்றைக்கு மார்வெலில் சாதாரணமல்ல.

இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முக்கியமான வேலை, தொடரைச் சண்டைப் படத்திலிருந்து உளவுக் கதைக்கு நகர்த்தியது. 1975-ல் வந்த 29-ஆம் இதழில் அது தெளிவாகத் தெரிகிறது: போதை மருந்து வியாபாரி வெல்க்ரோ, கைகளுக்குப் பதில் கத்திகள் பொருத்திய ரேஸர்-ஃபிஸ்ட், பிரிட்டிஷ் உளவுத்துறை அனுப்பும் வேலை. ஜேம்ஸ் பாண்ட், ஷெர்லாக் ஹோம்ஸ் இருவரின் வாரிசு என்று நேரடியாகச் சொல்லாமலே உணர்த்தப்படும் கிளைவ் ரெஸ்டன், மலை மாதிரி இருக்கும் பிளாக் ஜாக் டார், 33-ஆம் இதழில் வரும் லைகோ வூ என்று ஒரு கூட்டம் அமைந்தது. லைகோவை நான் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸில் ஆசியப் பெண் என்றால் ஒன்று மயக்குகிற வில்லி, இல்லையென்றால் காப்பாற்றப்பட வேண்டிய பூ. லைகோ உளவுத்துறை அதிகாரி, நாயகனைவிட அனுபவம் அதிகம், பழைய காதல்களைப் பற்றி வெட்கப்படாதவள், கோபம் வந்தால் காட்டுவாள்.

ஷாங்-சிக்கு இந்த உளவு வேலை பிடிக்கவே பிடிக்காது. ஏமாற்றும் சாவும் கலந்த ஆட்டம் என்று அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே, ஆனாலும் அதற்குள்ளேயே இழுபடுகிறான். அப்பாவின் ஆளாக இருந்ததிலிருந்து விடுபட்டவன் இன்னொரு முதியவரின், நேலண்ட் ஸ்மித்தின், கருவியாகிவிட்டோமோ என்ற சந்தேகம் அவனை விடுவதில்லை. மன்ச் இதை வசனமாகச் சொல்லிவிட்டு நகரவில்லை, வருடக்கணக்கில் வளர்த்தார். பாதித் தொடர் தாண்டும்போது எல்லோருமே உளவுத்துறையை விட்டு வெளியே வந்து தனியாக இயங்கத் தொடங்குகிறார்கள்.

குலேசியின் ஓவியம் வேறு கதை. அவர் ஷாங்-சியின் முகத்தை வெளிப்படையாகவே புரூஸ் லீயாக வரைந்தார். மற்ற பாத்திரங்களிலும் மார்லன் பிராண்டோ, மார்லீன் டீட்ரிச் என்று சினிமா முகங்கள் எட்டிப் பார்க்கும். ஒரு உதையைப் பல குறுகிய கட்டங்களாக வெட்டுவது, வசனமே இல்லாத பக்கங்கள், நிழலுக்குள் முகத்தின் கால்வாசி மட்டும் தெரிவது என்று, காமிக்ஸ் பக்கத்தில் நேரத்தை எப்படி நீட்டலாம், எப்படிச் சுருக்கலாம் என்பதை அவர் இதழுக்கு இதழ் கற்றுக்கொண்டே போவதைப் பார்க்கலாம். 45 முதல் 50 வரை ஓடும் நீண்ட கதையில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதை சொல்கிற ஆள் மாறுகிறார். 1976-77-ல் ஒரு மாத இதழில், அதுவும் கடைச் சுழல் ஸ்டாண்டில் சில்லறைக்கு விற்ற இதழில் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை கூடுகிறது.

50-ஓடு குலேசி விலகினார். இடையில் சிலர் வரைந்தார்கள், அப்புறம் 64-லிருந்து மைக் ஸெக், 102-லிருந்து ஜீன் டே. ஸெக் தெளிவான, வேகமான ஓவியர். டே, கனடாக்காரர், இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தின் அகன்ற காட்சியாக வரைந்து அதன்மேல் கட்டங்களைப் பிரித்து, ஒரே அறைக்குள் ஒரே ஆள் அடுத்தடுத்த நொடிகளில் நகர்வதைக் காட்டுவார். பார்க்கும்போது கண் நகர்வதும் சண்டை நகர்வதும் ஒன்றாகிவிடும். 1982 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார், வயது 31. மன்ச்சும் அன்றைய தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டரோடு ஒத்துப்போகாமல் விலகி டிசிக்குப் போனார், பேட்மேன் எழுத. 118-ஆம் இதழில் ஃபூ மாஞ்சுவின் முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது. 1983 ஜூன் தேதியிட்ட 125-ல் ஷாங்-சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு மீனவ கிராமத்துக்குப் போகிறான். அயர்ன் ஃபிஸ்ட் லூக் கேஜோடு சேர்ந்து ஓடிய தொடரும் 1986-ல் சரியாக 125-ல்தான் நின்றது, தற்செயல்தான், ஆனாலும் குங்ஃபூ காலத்தின் இரண்டு பிள்ளைகளும் ஒரே எண்ணில் முடிந்திருக்கிறார்கள்.

நிறமும் வாசகர் கடிதமும்

இவ்வளவு புகழ்ந்ததால் மறைக்கக் கூடாத ஒன்று. அந்தக் கால நாலு வண்ண அச்சில் வெள்ளையர்களுக்கு ஒரு தோல் நிறம், சீனர்களுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறம். பழைய இதழ்களைத் திறந்தால் முதலில் கண்ணில் அறைவது அதுதான். ஃபூ மாஞ்சு இன்னும் கடுமையான மஞ்சள். சீன நாயகனுக்குப் போட்ட உடை ஜப்பானியக் கராத்தே உடை. அவன் தத்துவம் பேசுகிற நடை, சுருக்கங்கள் எதுவும் இல்லாத விறைப்பான ஆங்கிலம். அம்மாவை வெள்ளைக்காரியாக வைத்தது 'குங்ஃபூ' தொடரின் தாக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது: முழுச் சீனன் ஒருவனை நாயகனாக ஏற்பார்களா என்ற தயக்கம் இரண்டிலும் இருக்கிறது.

இதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்த குறையாகச் சொல்வது தவறு. அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். பில் வூ என்ற சீன அமெரிக்க இளைஞர் வாசகர் கடிதப் பகுதிக்குத் தொடர்ந்து எழுதினார், தொடரை நேசித்துக்கொண்டே அதன் சீனச் சித்திரிப்பைக் கேள்வி கேட்டார். அவர்தான் பிற்காலத்தில் அறிவியல் புனைகதை எழுத்தாளரான வில்லியம் எஃப். வூ. அமெரிக்கப் புனைகதைகளில் சீன அமெரிக்கர்கள் எப்படிக் காட்டப்பட்டார்கள் என்று ஆய்வு செய்து, 1982-ல் அது புத்தகமாகவும் வந்தது. ஒரு மாத இதழின் கடிதப் பக்கத்தில் ஆரம்பித்த ஒரு வாசகரின் கேள்வி அவ்வளவு தூரம் போனது எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த பகுதி.

பூட்டு

தொடர் நின்ற பிறகு ரோமர் தரப்போடு இருந்த உரிமமும் போய்விட்டது. ஷாங்-சி மார்வெலின் சொத்து. அவனுடைய அப்பா, அக்கா, நேலண்ட் ஸ்மித், பெட்ரி யாரும் மார்வெலின் சொத்தில்லை. அதாவது பழைய இதழ்களில் பெரும்பாலானவற்றை ஒரு பக்கம் திருப்பினாலே உரிமம் இல்லாத யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். முதல் மூன்று ஃபூ மாஞ்சு நாவல்கள் அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் கடந்தவைதான், ஆனால் ரோமர் இறந்தது 1959-ல், பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை நிற்கும், அதாவது 2029 இறுதிவரை. உலகம் முழுக்கப் புத்தகம் விற்கிற ஒரு நிறுவனம் அந்த ஆபத்தைத் தொடாது.

புதுக் கதைகளில் அப்பாவின் பெயரைச் சொல்லாமல் சமாளித்தார்கள். 1988-ல் மன்ச் 'மார்வெல் காமிக்ஸ் பிரசென்ட்ஸ்' இதழ்களுக்காகத் திரும்பி வந்து எழுதினார், 2002-ல் மன்ச்சும் குலேசியும் சேர்ந்து ஆறு இதழ் குறுந்தொடர் ஒன்றைச் செய்தார்கள். மற்றபடி ஷாங்-சி யாராவது ஒருவர் கதையில் வந்து சண்டை கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிற ஆளாகவே இருந்தான், 2011-ல் ஸ்பைடர்-மேனுக்குக் கற்றுக்கொடுத்தது மாதிரி. 2010-ல் தொடங்கிய 'சீக்ரெட் அவெஞ்சர்ஸ்' கதை ஒன்றில் எழுத்தாளர் எட் புரூபேக்கர் ஒரு வழி செய்தார்: அப்பாவின் உண்மைப் பெயர் செங் சூ, முன்பு கேட்ட பெயர் அவர் வைத்துக்கொண்ட பல பெயர்களில் ஒன்று. அந்த ஒரே மாற்றத்தால் பழைய கதைகள் செல்லும், பழைய பெயரை யாரும் உச்சரிக்கத் தேவையும் இல்லை.

இதற்கிடையில் நடந்த இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. 2005-ல் சொந்தமாகப் படம் எடுக்க மார்வெல், மெரில் லிஞ்ச் என்ற நிதி நிறுவனம் மூலம் 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தபோது பத்துப் பாத்திரங்களின் படவுரிமையைப் பிணையாக வைத்தது. கேப்டன் அமெரிக்கா, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், பிளாக் பாந்தர் இருந்த அந்தப் பட்டியலில் ஷாங்-சியும் இருந்தான். பழைய கதையை அச்சடிக்க முடியாத ஒருவனை அடகு வைத்து வாங்கிய பணத்தில்தான் மார்வெல் ஸ்டுடியோஸ் எழுந்தது என்பதில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.

கடைசியில் உரிமையாளர்களோடு ஏற்பாடு செய்துகொண்டு 2016-ல் முதல் பெருந்தொகுப்பு வந்தது. 2017-க்குள் நான்கு தொகுதிகளில் மொத்தத் தொடரும் வெளியானது. மன்ச்சின் நூறு இதழ்களை ஒரு புதிய வாசகர் வரிசையாகப் படிக்க முடிந்தது அப்போதுதான்.

புது அப்பாக்கள்

படம் எடுக்கும் நேரம் வந்தபோது ஃபூ மாஞ்சுவைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பாத்திரம் தங்களுடையதும் அல்ல, வேண்டவும் வேண்டாம் என்ற நிலையை மார்வெல் ஸ்டுடியோஸ் தலைவர் கெவின் ஃபைகி வெளிப்படையாகச் சொன்னார். டெஸ்டின் டேனியல் கிரெட்டன் இயக்கி 2021 செப்டம்பர் 3-ல் வெளியான படத்தில் (தமிழிலும் மொழிமாற்றி வந்தது) அப்பாவின் பெயர் வென்வூ. மாண்டரினின் பத்து வளையங்களை அவர் கையில் கொடுத்து, அந்தப் பழைய 'மாண்டரின்' என்ற பெயரையே ஒரு கேலிக்குரிய மேற்கத்தியக் கற்பனை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். நடித்தவர் ஹாங்காங்கின் டோனி லியூங். மனைவியை இழந்த துக்கத்தில் உலகத்தையே உடைக்கத் தயாராக இருக்கிற ஒரு மனிதர் அவர். 1912-லிருந்து வெறும் வில்லனாகவே இருந்த ஒரு உருவத்துக்குள் முதல்முறையாக ஒரு கணவனையும் தகப்பனையும் பார்த்தேன் என்பதுதான் அந்தப் படத்தில் எனக்குப் பெரிய விஷயம், ஷாங்-சியாக நடித்த சிமு லியூவின் பேருந்துச் சண்டைகூட அதற்கு அடுத்துதான். உலகளவில் 43 கோடி டாலருக்கு மேல் வசூல். சீனப் பெருநிலத்தில் மட்டும் திரைக்கு வரவில்லை.

காமிக்ஸில் அந்த வேலையைச் செய்தவர் ஜீன் லுவென் யாங், 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' என்ற சித்திர நாவலை எழுதியவர். 2020 செப்டம்பரில் டைக் ருவான், பிலிப் டான் ஓவியங்களோடு ஐந்து இதழ், அதற்கடுத்து 2021-ல் பன்னிரண்டு இதழ், 2022-ல் ஆறு இதழ். செங் சூ நடத்திய சங்கம் ஒன்றுக்கு வாரிசாகிறான் ஷாங்-சி, தெரியாத உடன்பிறப்புகள் வெவ்வேறு ஆயுதங்களோடு வந்து நிற்கிறார்கள். யாங் செய்த மாற்றங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அம்மா. நியூயார்க்கில் முகம் சரியாகத் தெரியாமல் இருந்த அந்த அமெரிக்கப் பெண் இடத்தில் டா-லோ என்ற மறைவுலகத்திலிருந்து வந்த ஜியாங் லி வருகிறாள், அவளுக்கென்று ஒரு வரலாறும் தேர்வும் கோபமும் இருக்கின்றன. அப்பாவையே சுற்றி ஐம்பது ஆண்டு ஓடிய கதையில் அம்மா பக்கம் யாராவது திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. இது பழைய தொடர்ச்சியோடு ஒட்டவில்லை என்று குறைப்படும் ரசிகர்கள் உண்டு. ஒட்டாதது உண்மைதான். அந்தத் தொடர்ச்சி எப்படி உருவானது என்று பார்த்த பிறகு அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு வரவில்லை.

படிக்க நினைப்பவர்களுக்கு: 'எபிக் கலெக்ஷன்' என்ற தொகுப்பு வரிசையில் 2018 முதல் பழைய இதழ்கள் சற்றுக் குறைந்த விலையிலும் வந்திருக்கின்றன. முதல் இதழைப் படித்துவிட்டு நேராக 29-க்குத் தாவலாம், இடையில் பெரிதாக எதுவும் விட்டுப்போகாது. 29 முதல் 50 வரை ஒரே மூச்சில் போகும். அப்புறம் பொறுமை இருந்தால் ஸெக் காலத்தைத் தாண்டி ஜீன் டே வரைந்த 102-க்குப் போய், 118 வரை நிதானமாக, ஒவ்வொரு இரட்டைப் பக்கத்தையும் முழுசாக விரித்து வைத்துப் பாருங்கள். திரையில் பக்கம் பக்கமாகப் படித்தால் அந்த ஓவியம் பாதிதான் தெரியும்.